ஹேங் ஆகாத லேப்டாப்

ரமாபாயின் லேப்டாப்பைத் திறப்பதற்கு ஒரு முறை இருந்தது. முதலில் பட்டனை அழுத்த வேண்டும். அப்புறம் அடுக்களைக்குப் போய் டீக்குத் தண்ணீர் வைக்க வேண்டும். டீ கொதித்து, வடிகட்டி, வந்தவர்கள் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைக்கிற நேரத்துக்கு லேப்டாப் கண் விழிக்கும். அதற்கப்புறம் பெண்ணின் போட்டோவை அமுக்கினால், அது மேலிருந்து பட்டை பட்டையாக இறங்கும். முதலில் முடி. பிறகு நெற்றி. புருவம் வரும்போது எப்படியும் ஒருமுறை நின்று மூச்சு வாங்கும்.

“நெத்தி நல்லா கீது,” என்பார்கள் பையன் வீட்டார்.

“மூக்கும் நல்லா கீதும்மா. வரும், இரு,” என்பாள் ரமாபாய்.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டின் முன்னறையில் அவள் நடத்தி வந்தது கல்யாணத் தகவல் நிலையம். சுவரில் புத்தர், பக்கத்தில் அம்பேத்கர், இரண்டுக்கும் கீழே பேசின் பிரிட்ஜ் பவர் ஹவுஸில் வேலை பார்த்துப் போய்ச் சேர்ந்த அவள் கணவரின் படம். அந்த மூன்று படங்களுக்கும் கீழே ஸ்டூல் மேல் லேப்டாப். துறைமுகத்தில் ஏலம் விட்ட சரக்கில் வந்தது. வரும்போதே அதற்கு வயதாகியிருந்தது.

அவளிடம் வருகிற குடும்பங்களில் முக்கால்வாசி பௌத்தக் குடும்பங்கள். ஜாதகம் பார்ப்பதில்லை. ஜாதகம் பார்க்கிற வீடுகளில் ஒரு வசதி உண்டு. பெண் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்ல வேண்டியதில்லை. பொருத்தம் சரியில்லை என்று செவ்வாய் மேலோ சனி மேலோ பழியைப் போட்டுவிட்டு எழுந்து போகலாம். இங்கே செவ்வாயும் இல்லை, சனியும் இல்லை. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லைதான். ஒரே லாரியில் தண்ணீர் பிடிக்கிறவர்களிடம், ஒரே ரயிலில் வேலைக்குப் போகிறவர்களிடம் அதை எந்த வாயால் சொல்வது?

அந்த இடத்தில்தான் லேப்டாப் உதவிக்கு வந்தது.

“இன்னா ரமாபாய், பையன் வூட்ல போட்டோவ பாத்தாங்களா?”

“எங்க பாத்தாங்க. சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சி. மூக்கு வரைக்கும் வந்து நின்னுபோச்சி. அவங்களும் எவ்ளோ நேரம் குந்திகினு இருப்பாங்க, சொல்லு.”

“அப்டியா. சரி உடு. மிஷின் தானே.”

“மிஷின் தானே.”

அவ்வளவுதான். யாருக்கும் மனஸ்தாபம் இல்லை. ஹேங் ஆகிவிட்டது என்றால் என்ன அர்த்தம் என்று வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் கல்யாண வயதில் பிள்ளை வைத்திருந்த எல்லாருக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் ரமாபாயின் மகள் ஷாலு.

ஷாலுவுக்கு எண்ணூர் போகிற வழியில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. வருகிற பெட்டிகளில் எது நசுங்கியிருக்கிறது, எது துருப்பிடித்திருக்கிறது என்று ஏறிப் பார்த்து எழுதுவாள். நாள் முழுக்க டிரெய்லர் டிரைவர்களோடு கத்த வேண்டியிருக்கும். வீட்டுக்கு வரும்போது ரமாபாய் கடையைக் கட்டியிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை கடைக்கே லீவு. அதனால் தகவல் நிலையத்துப் பேச்சு எதுவும் ஷாலுவின் காதில் விழுந்ததில்லை.

அந்த லேப்டாப்பில் ஷாலுவின் போட்டோவும் இருந்தது. மஞ்சள் சுடிதார். நாலு குடும்பம் வந்து பார்த்தார்கள். நாலு குடும்பமும் டீ குடித்தார்கள். நாலு குடும்பமும் எழுந்து போனார்கள்.

முதல் தடவை ஷாலு வந்து கேட்டபோது ரமாபாயின் வாயிலிருந்து பழக்கத்தில் வந்துவிட்டது. “ஹேங் ஆயிடுச்சி பாப்பா.” ஷாலு நம்பினாள். இரண்டாவது தடவை ரமாபாய் யோசித்துத்தான் சொன்னாள். மூன்றாவது தடவை வேறு எதுவும் சொல்ல முடியாத நிலைமை. நாலாவது தடவை சொன்னபோது ஷாலு சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

“அது இன்னாம்மா, எம் போட்டோ வந்தா மட்டும் ஹேங் ஆவுது?”

“உன்து பெரிய போட்டோ. கலர் வேற.”

“எல்லாரும் கலர்தான். இந்த மிஷினால எனக்கு கல்யாணமே ஆவாது போலக்கீது.”

“மெதுவா ஆவும். அவசரம் இன்னா.”

“எனக்கு இருவத்தொம்பது முடியப்போவுது. மிஷின் முழிச்சிகினு எம் மூஞ்ச காட்றதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன். நம்ம அத்னான் பாய் கைல சொல்லிட்டேன். ஞாயித்துக்கெழம வராரு. உள்ள கீற எல்லாத்தையும் மாத்திடலாம். போனஸ் வந்துகீது.”

“போனஸ்ல ஒரு தோடு எடுத்துக்கயேன்.”

“தோடு போட்டுகினா போட்டோ தொறக்குமா?”

ரமாபாய் எழுந்தாள். தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

அத்னானுக்குப் பழைய வண்ணாரப்பேட்டையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பையோடு வந்து பாயில் உட்கார்ந்து லேப்டாப்பைக் குப்புறக் கவிழ்த்து திருப்புளியால் திறந்தான். உள்ளேயிருந்து ஒரு கரப்பான் நிதானமாக வெளியே வந்து ஸ்டூலுக்கு அடியில் போனது.

“இதுவே ஸ்லோவா தான் போவுது,” என்றான் அத்னான்.

ஷாலு சிரிக்கவில்லை. “இன்னா கோளாறு, சொல்லுங்க பாய்.”

“ரேம் வெறும் அறுவத்தி நாலு. ஐநூத்திப் பன்னெண்டு போட்டா பறக்கும். ஹார்ட் டிஸ்க்கு தேஞ்சிபோய் கர்ரு கர்ருன்னு இஸ்துகினு கீது, அத்த மாத்தணும். பழைய விண்டோஸ எடுத்துட்டு எக்ஸ்பி ஏத்திடறேன்.”

“அப்ப உள்ள கீறதெல்லாம் அழிஞ்சிடுமா நைனா?” என்று கேட்டாள் ரமாபாய். கேட்டபோது அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

“கவலைப்படாதீங்கம்மா. எல்லாத்தையும் சிடியில எழுதி வெச்சிட்டுத்தான் கை வெப்பேன். ஒரு போட்டோ கூட போவாது.”

“ஒண்ணு கூடவா?”

“ஒண்ணு கூட.”

ரமாபாயின் முகம் பழையபடி ஆனது. ஷாலு அவனுக்குப் பிரியாணி வாங்கக் கீழே இறங்கிப் போனாள். அவள் செருப்புச் சத்தம் படிக்கட்டில் தேய்ந்ததும் ரமாபாய் பாயின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“நைனா, ஒண்ணு கேக்கட்டா? வேகம் வந்துச்சின்னா அத்த கொறைக்க முடியுமா?”

“கொறைக்கறதுக்குன்னு யாரும் வரமாட்டாங்கம்மா.”

“நான் கேக்கறேன்ல.”

“எவ்ளோ கொறைக்கணும்?”

“ரொம்ப வேணாம். மூக்கு வரைக்கும் வரட்டும். அதுக்கப்பறம் நான் நில்லுன்னா நிக்கணும்.”

அத்னான் திருப்புளியைக் கீழே வைத்தான். “அப்டி ஒரு சாஃப்ட்வேர் இல்லம்மா.”

“பாதி ரேம் போடேன். எதுக்கு உனக்கு பேஜாரு.”

“பாதி போட்டுட்டு நான் தெருவுல நடக்க முடியாது. நாளைக்கி உங்க பொண்ணு கடைக்கி வந்து, ஏன் பாய் ஸ்லோவா கீதுன்னு கேக்கும். அது சாதாரணமா கேட்டாலே என் திருப்புளி கீழ உழுது.”

“நல்ல பொண்ணுதான்.”

“நல்ல பொண்ணுதான். நான் இல்லன்னு சொல்லல.” அவன் பையிலிருந்து கறுப்பாக ஒன்றை எடுத்தான். “பேட்டரியும் செத்துபோய் கீது, மாத்திடறேன். இனிமே கரண்ட் போனாலும் ஓடும்.”

“கரண்ட் போனாலுமா?”

“ரெண்டு மணி நேரம் தாங்கும்.”

ரமாபாய் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

சாயங்காலம் வேலை முடிந்தது. அத்னான் கடைசியாக ஒரு சின்ன பேட்டரியையும் மாற்றினான். அது தேதியை ஞாபகம் வைத்துக்கொள்கிற பேட்டரியாம். அது எப்போதோ செத்துப்போய், ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் லேப்டாப் இரண்டாயிரமாம் வருஷத்து முதல் தேதிக்கே போய் நின்றிருக்கிறது. வயதை அதுவே கணக்குப் போடுகிற மாதிரி யாரோ எப்போதோ செய்து கொடுத்திருந்ததால், பெண்களின் வயதும் அங்கேயே நின்றிருந்தது. பெற்றவர்கள் யாரும் இதுவரை குறை சொன்னதில்லை. அத்னான் தேதியைச் சரி செய்து 2007 என்று போட்டான். வியாசர்பாடிப் பெண்கள் எல்லாருக்கும் அந்த நிமிஷத்தில் ஏழு வயது கூடியது.

ஷாலு பட்டனை அழுத்தினாள். ரமாபாய் டீக்குத் தண்ணீர் வைக்க எழுந்தாள். அடுக்களை வாசலைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

“யம்மா, தொறந்துடுச்சி.”

திரும்பிப் பார்த்தாள். மஞ்சள் சுடிதாரில் ஷாலு, முடி முதல் கால் வரை, ஒரே அடியாக நின்றுகொண்டிருந்தாள்.

அந்த வாரம் தொழில் படுத்துவிட்டது. பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து பையனைப் பெற்ற ஒரு அம்மா வந்தாள். பெண்ணின் போட்டோ பட்டென்று வந்தது. அவள் பார்த்தாள். ரமாபாயைப் பார்த்தாள். மறுபடி போட்டோவைப் பார்த்தாள்.

“இன்னா ரமாபாய், ஒடனே வந்துடுச்சி?”

“ரிப்பேர் பண்ணிட்டோம்.”

“எதுக்கு? நல்லாதானே இருந்திச்சி.” அந்த அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். “இப்ப நான் இன்னா சொல்லணும்?”

“புடிச்சா புடிச்சிருக்குன்னு சொல்லு.”

“புடிக்கலன்னா?”

ரமாபாய் லேப்டாப்பைப் பார்த்தாள். அந்த அம்மா டீ கூடக் குடிக்காமல் போனாள். குடிப்பதற்கு நேரமும் இருக்கவில்லை.

இது போதாதென்று வெள்ளிக்கிழமை ஷாலு சீக்கிரமே வந்தாள். கால் கழுவிக்கொண்டு செல்போனை எடுத்தாள்.

“ஆருக்கு?” என்றாள் ரமாபாய்.

“பாவம்மா அவங்கல்லாம். நம்ம வூடு தேடி வந்துட்டு மூக்கு வரைக்கும் பாத்துட்டு போய் கீறாங்க. மரியாதையா கூப்ட்டு சொல்ல வேணாமா? ரெடி ஆயிடுச்சி, வந்து முழுசா பாருங்கன்னு.”

“பாப்பா, போனதெல்லாம் போவட்டும். புதுசா பாப்போம்.”

“தப்பு நம்ம மிஷின் மேலம்மா. அவங்க மேல இல்ல.”

நாலு பேருக்கும் போன் போட்டாள். ஒரு வீட்டில் எல்லாரும் ஊருக்குப் போவதாகச் சொன்னார்கள். எந்த ஊர் என்று கேட்டதற்கு யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். இன்னொரு வீட்டில் பையனுக்குக் கண் ஆபரேஷன், பார்க்கக் கூடாதாம். மூன்றாவது வீட்டில் ராங் நம்பர் என்றார்கள், ஷாலுவின் பெயரைச் சொல்லியே. நாலாவது, புளியந்தோப்புக் குப்பம்மா. அவள் மட்டும், “ஞாயித்துக்கெழம வரேம்மா,” என்றாள்.

மறுநாள் ஷாலு வேலைக்குப் போனதும் ரமாபாய் குப்பம்மாவைக் கூப்பிட்டாள்.

“குப்பம்மா, நீ ஒண்ணும் வர வேணாம்.”

“எப்டி வராம இருக்கறது? பொண்ணு அவ்ளோ மரியாதையா கூப்டுது. போட்டோ தொறக்கலன்னு சொன்னது நீ. அப்ப நானும் தொறக்காத போட்டோவ பாக்கத்தான் வரணும்.”

“வந்து இன்னா சொல்லுவ?”

“அதான் ராத்திரியெல்லாம் யோசிச்சிகினு கீறேன். நீ எதாவது பண்ணி ரிப்பேர் ஆக்கி வைய்யேன். உன் மிஷினுதானே.”

“அது ரிப்பேரே ஆவாதாம்.”

“இன்னா மிஷின் வாங்கி வெச்சிகீற நீ,” என்று குப்பம்மா போனை வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை இருட்டுகிற நேரத்தில் வந்தார்கள். குப்பம்மாவும், மகன் பீம்ராவும். பீம்ராவ் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கிரேன் ஓட்டுகிறவன். பெரிய ஆள். மடக்கு நாற்காலியில் பாதியில்தான் உட்கார்ந்தான், மீதிப் பாதியை நம்பாதவன் மாதிரி. ஜெய்பீம் சொன்னார்கள். குப்பம்மா அறையைச் சுற்றிப் பார்த்து, “இந்த எடத்துக்கு இப்பதான் வர மாதிரி கீது,” என்றாள். ரமாபாய் அவள் காலை மிதித்தாள்.

ஷாலு பச்சைப் புடவை கட்டியிருந்தாள். யாரும் கட்டச் சொல்லவில்லை. வரும்போது வாசலில் செருப்பை நேராக வைக்கிறவளில்லை. அன்றைக்குக் காலையில் வீட்டுச் செருப்பு அத்தனையும் வரிசையில் நின்றதை ரமாபாய் பார்த்திருந்தாள்.  நாலு தடவை வேண்டாம் என்ற சொல் இந்தப் பெண்ணின் காதுக்குப் போகாமல் தடுத்தாயிற்று. ஐந்தாவது தடவை தடுக்க வழியில்லை.

ஷாலு பட்டன் மேல் விரலை வைக்கும்போது கரண்ட் போனது. ஃபேன் சுற்றி ஓய்ந்தது.

“அய்ய,” என்று குப்பம்மா உடனே எழுந்தாள். “கரண்ட் போயிடுச்சே. சரி ரமாபாய், இன்னொரு நாளைக்கி—”

“குந்துங்க ஆன்ட்டி. புது பேட்டரி.”

குப்பம்மா உட்கார்ந்தாள்.

லேப்டாப் திறந்தது. போட்டோ வந்தது. இருட்டு அறையில் அது மட்டும் பளிச்சென்று இருந்தது. மஞ்சள் சுடிதாரில் ஷாலு கேமராவைப் பார்த்திருந்தாள். கேமரா ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி பார்த்திருந்தாள்.

“ஆங்,” என்றாள் குப்பம்மா. “இப்பதான் பாக்கறேன். நெத்தி நல்லா கீது.”

“மூக்கும் கீது பாருங்க,” என்றாள் ஷாலு.

“மூக்கும் கீது.”

பீம்ராவ் போட்டோவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தான். “யம்மா, இத்த தானே போன தபாவும் பாத்தோம்?”

 கீழே தெருவில் யாரோ குடத்தை நகர்த்துகிற சத்தம் கேட்டது.

“மூக்கு வரைக்கும் பாத்தோம்டா,” என்றாள் குப்பம்மா.

“இல்லம்மா. துப்பட்டா, வளையல் எல்லாம் பாத்தோமே. கொஞ்சம் லேட்டாச்சி, நீ ரெண்டாவது டீ கூட குட்ச்ச.”

“வர வழியெல்லாம் சொல்லிகினு வந்தேனே, நாசமாப்போறவனே.”

ஷாலு அம்மாவின் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. அதுதான் ரமாபாய்க்குத் தாங்கவில்லை.

“ஹேங் ஆவலயா?”

“ஸ்லோவாதான் இருந்திச்சி.”

“தொறந்திச்சா தொறக்கலயா?”

“தொறந்திச்சி.”

“நாலு தபாவும்?”

“நாலு தபாவும்.”

ஷாலு லேப்டாப்பின் மூடியைப் பாதி இறக்கினாள். அறை இருண்டது.  பிறகு திரும்பவும் தூக்கினாள்.

“பாத்துட்டு இன்னா சொன்னீங்க ஆன்ட்டி?”

குப்பம்மா ரமாபாயைப் பார்த்தாள். 

“பொண்ணு பாக்கறதே அதட்ற மாதிரி கீதுன்னு சொன்னேம்மா.”

“அத்த ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா அதட்டுவியேன்னுதான்.”

ஷாலு ஏதோ சொல்ல வாயைத் திறந்து மூடிக்கொண்டாள். பீம்ராவ் பக்கம் திரும்பினாள். “நீங்க இன்னா சொன்னீங்க?”

“நான் ஒண்ணும் சொல்லல. என்னிய யாரும் கேக்கல.”

“இப்ப கேக்கறேன்.”

பீம்ராவ் போட்டோவை இன்னொரு தடவை நன்றாகக் குனிந்து பார்த்தான். வேலையிடத்தில் சங்கிலியைச் சரிபார்க்கிற மாதிரி பார்த்தான். “அதட்ற மாதிரிதான் கீது,” என்றான்.

குப்பம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“ஆனா அது ஒண்ணும் தப்பில்லியே,” என்றான் அவன். “நான் மேல கேபின்ல குந்திகினு இருப்பேன். கீழ இருந்து ஒருத்தன் எறக்கு, நிறுத்து, லெஃப்ட்ல வான்னு கத்தணும். மெதுவா சொல்ற ஆள வெச்சிகினு வேலை பாக்க முடியாது. சரக்கு யாரு தலைலயாச்சும் உழும். அத்த நான் அன்னிக்கே அம்மா கைல சொல்லலாம்னு பாத்தேன். அதுக்குள்ள அது எயிந்துடுச்சி.”

“எப்பவுமே இப்டித்தான் பேசுவானா?” என்று ரமாபாய் குப்பம்மாவிடம் மெல்லக் கேட்டாள்.

“எப்பவும் பேசவே மாட்டான். இன்னிக்கின்னு பாத்து தொறந்துகீது.”

 ஷாலு லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“உங்க போட்டோ இதுல கீதா?”

“கீது. அம்மா குட்த்துச்சி. நீங்க பாக்கலயா?”

“நான் ஆரையும் பாத்ததில்ல. எம்மூஞ்சியே தொறக்கலன்னு சொன்னாங்க, மத்தவங்க மூஞ்சிய எங்க பாக்கறது.”

தட்டினாள். பீம்ராவ் வந்தான். பின்னால் ஸ்டூடியோ அருவி கொட்ட, கை கட்டிக்கொண்டு, சட்டை பித்தான் கழுத்து வரை போட்டு, நேராக நின்றிருந்தான். ஷாலு பார்த்தாள். முழங்கையை ஸ்டூலில் ஊன்றிக்கொண்டு பார்த்தாள்.

“ஆளு இங்கயே குந்திகினு கீறேனே,” என்றான் பீம்ராவ்.

“நீ நேர்ல தலைய குனிஞ்சிகினு கீற. இதுலதான் ஒழுங்கா கீற. சும்மா இரு.”

அதட்டல்தான். பீம்ராவ் சும்மா இருந்தான். அவன் முகத்தில் வருத்தம் எதுவும் தெரியவில்லை.

கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றியது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. குப்பம்மா புடவை ஓரத்தைச் சுருட்டினாள், பிரித்தாள். பையனைப் பெற்றவளாக இந்த அறையில் அவள் பல தடவை உட்கார்ந்திருக்கிறாள். இந்த மாதிரி உட்கார்ந்ததில்லை.

“இன்னாம்மா,” என்றாள் கடைசியில், “இன்னும் தொறக்கலயா?”

“தொறந்துடுச்சி ஆன்ட்டி,” என்றாள் ஷாலு, கண்ணை எடுக்காமல். “பாத்துகினு கீறேன்.”

ரமாபாய் எழுந்து போய் டீக்குத் தண்ணீர் வைத்தாள்.